பின்பால்கனியில் ஒரு மூலை

மூக்குதான் முதலில். கூடாரத்தின் ஓரத் தையலை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார் கூ போன்சிக். வெயில் வாசனை வந்தால் மடிக்கலாம். ஈரவாடை துளி அடித்தாலும் போச்சு, மடித்த அத்தனையையும் பிரித்து மறுபடி வேலிமேல் விரித்துவிடுவார். சுன்சோன் டவுன் பஸ் பணிமனையின் பின்பக்கத்துக் கம்பிவேலி அது. ஒரு நடை முடிந்து அடுத்த நடை எடுப்பதற்குள் மற்ற ஓட்டுநர்கள் காப்பி குடிப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். இவர் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, சின்ன வீடு வெயில் காயுதா?" என்று கேட்பான் அடுத்த பஸ்ஸை ஓட்டும் தோக்சு.

"பேசாம போடா. அது காயாம எனக்குச் சோறு எறங்காது."

பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை, நிஜமாகவே இறங்காது. கெட்டிப் பருத்தித் துணியில் தைத்த கூடாரம் அது, நடுவில் ஒரே ஒரு கம்பம். மகள் போரா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. போரா இப்போது புசானில் வேலை பார்க்கிறாள், கூடாரம் இன்னும் புதுசாகவே இருக்கிறது. சோப்பு அதன் பக்கமே வரக்கூடாது. வெறும் தண்ணீர், பழைய துணி, அவ்வளவுதான். ஆணிகளைத் தேய்க்க ஒரு பல்தேய்க்கும் பிரஷ் தனியாக உண்டு. அதை ஒருநாள் தெரியாமல் எடுத்துப் பல் தேய்த்துவிட்ட மச்சானிடம் அவர் கேட்டது, "பிரஷ்ஷுக்கு ஒண்ணும் ஆகலியே?"

கூடாரம் போடுமுன் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். ரத்தம் தலைக்கு இறங்குகிறதா, காலுக்கு இறங்குகிறதா என்று பார்த்துத்தான் வாசல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது. மயங்கி விழுந்துவிட்டார் என்று பயந்து தண்ணீர் தெளித்தவர்கள் உண்டு. பிறகு ஒரு வாய்ச் சோற்றை ஆற்றுப் பக்கம் வீசி, "கோசுரே!" என்று உரக்கச் சொல்லி அந்த மண்ணைக் காக்கும் தெய்வங்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டுத்தான் முதல் ஆணியில் சுத்தியல் படும். கயிறுகளை மட்டும் ஒருநாளும் முறுக்கேற்றிக் கட்டமாட்டார். "நனைஞ்சா சுருங்கும்மா. இப்பவே இறுக்கிட்டா அது பாவம் எங்க போகும்? மழை வந்ததும் இன்னும் கொஞ்சம் விடணும்." யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வீட்டில் அது குடியிருப்பது பின்பால்கனியின் மூலையில். வினையே அங்கேதான். அந்த மூலையில், வருஷத்துக்குப் போட்டுவைக்கும் காரக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சிக்கென்று இரண்டாவது ஃப்ரிட்ஜ் ஒன்று வைக்கவேண்டும் என்று மனைவி சுனோக்குக்கு வருஷக்கணக்காக ஆசை. இருக்கிற ஒரு ஃப்ரிட்ஜில் அக்கா வீட்டுக் கோஸ் பாதிதான் கொள்கிறது, மீதி பங்குனி வருமுன் புளித்துப்போகிறது. அளவு நாடாவை எடுத்து அவள் அந்த மூலையை அளக்கும்போதெல்லாம் போன்சிக் கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார். கூடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளை வெளியே தள்ளலாமே என்று ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டார். அதில் அவள் ஏறி யாரும் பார்த்ததில்லை, துவைத்த துணிதான் தொங்கும். ஆனால் அது அவள் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தக் கார்த்திகையில் தீர்ப்பே வந்துவிட்டது.

"திங்கக்கிழமை ஃப்ரிட்ஜ் வருது. பணம் கட்டியாச்சு. அதுக்குள்ள அது யார் வீட்டுக்காவது போயிடணும். சனிக்கிழமை வேணா கடைசியா ஒரு தடவை போயிட்டு வாங்க. அன்னிக்குக் கிம்ச்சி போடறோம், நீங்க இருந்தாலும் இடைஞ்சல்தான்."

தோக்சுதான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். சொல்லும்போது, அதிசயமாக, அவன் கேலி செய்யவில்லை. அதுதான் போன்சிக்கை ரொம்ப வருத்தியது.

கடைசிப் பயணத்துக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று கூடாரத்தின் உறையைத் துவைத்து வேலியில் போட்டார், அது காயவில்லை. கூடாரத்தை நீலநிறக் கிம்ச்சிப் பை ஒன்றில் கட்டி மூலையில் வைத்தார். கோஸ் ஊறப்போடுகிற அந்தப் பெரிய பை எந்த வீட்டில்தான் இல்லை? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுனோக்கின் அக்கா மியங்ஜா, உப்பில் ஊறவைத்து வடித்த கோஸை அதே மாதிரிப் பையில் கட்டிக்கொண்டுவந்து, வேறு எங்கே வைப்பாள், அந்த மூலையிலேயே வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை விடியுமுன், மனைவி தூக்கம் கலையக்கூடாது என்று விளக்குப் போடாமல், போன்சிக் தடவித் தடவிப் பையைத் தூக்கினார். "இருட்டுல தொட்டாலே என் கூடாரம் எனக்குத் தெரியும்" என்று பணிமனையில் பீற்றிக்கொள்கிற மனுஷர். கொஞ்சம் கனமாகவும் ஜில்லென்றும் இருந்தது. சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு இறங்கினார்.

ஹோங்சோன் ஆற்றங்கரையில், மற்றவர்களின் கூடாரங்களுக்குச் சற்றுத் தள்ளி, படுத்து எழுந்து, சோறு வீசி, பையை அவிழ்த்தால் உள்ளே கோஸ்! வரிசையாகத் துவண்டு கிடந்தவை அவரையே பார்த்தன. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"போரா அப்பா, பையைத் திறந்தா என் சக்களத்தி உக்காந்திருக்கா. என் கோஸ் எங்க?"

"இங்கதான்... பத்திரமா இருக்கு, போரா அம்மா. இதோ கெளம்பிட்டேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு? எலைய கையில தொட்டுமா தெரியல?"

ஃபோனை மியங்ஜா பிடுங்கிக்கொண்டது கேட்டது. சிரிப்புக்கு நடுவே சொன்னாள். "தம்பி, அங்கேயே இருங்க. மசாலாத் தொட்டி இன்னும் என் வண்டியிலதான் இருக்கு, எறக்கவே இல்ல. குளியலறையில குந்தி உக்காந்து இடுப்பை ஒடிச்சுக்கறதுக்கு ஆத்தங்கரை எவ்வளவோ மேல். உங்க சின்ன வீட்டையும் ஏத்திட்டு வர்றோம்."

வந்தார்கள். சுனோக் வண்டியிலிருந்து இறங்கி அவர் முகத்தையே பார்க்கவில்லை. பாயை விரித்து, மிளகாயும் பூண்டும் குழைத்த தொட்டியை இறக்குவதற்குள் வானம் கறுத்துவிட்டது. மழையும் பனியும் கலந்து கொட்டத் தொடங்கியது.

"ஐயோ என் மசாலா!" தொட்டியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள் மியங்ஜா. "என்ன தம்பி மரம் மாதிரி நிக்கிறீங்க? தண்ணி எறங்கினா ஒரு வருஷக் கிம்ச்சியும் நாசம். போடுங்க உங்க கூடாரத்தை!"

போன்சிக் அதுவரை அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. படுத்துப் பார்க்க நேரமில்லை, அதைத்தான் காலையிலேயே பார்த்தாயிற்றே. துணியை உதறி விரித்தார். சுற்றிலும் ஆணி இறங்கியது, ஒவ்வொன்றும் கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்து. நடுக்கம்பத்தைப் பிடிக்க ஆள் வேண்டும். அவர் வாயைத் திறக்குமுன் சுனோக் துணிக்குள் புகுந்துவிட்டாள்.

"நேரா பிடி, அசங்காம..."

"பிடிச்சிருக்கேன்ல? நீங்க உங்க கயித்தைப் பாருங்க!"

கூடாரம் எழுந்து நின்றது. மசாலாத் தொட்டி உள்ளே போயிற்று, பின்னாலேயே கோஸ் போயிற்று. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, சிவப்பு ரப்பர் கையுறை மாட்டி, இலைக்கு இலை மசாலா தடவ ஆரம்பித்தார்கள். மேலே துணியில் படபடவென்று அடி. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"அட, ஒழுகவே இல்லியே!" என்று மியங்ஜா மிளகாய்க் கையோடு துணியைத் தொடப் போனாள்.

"அண்ணி! தொடாதீங்க! உள்ளேருந்து தொட்டா அந்த இடத்துல எறங்கும்!"

"உயிரே போயிட்ட மாதிரி கத்துறாரே இந்த மனுஷன்!"

அப்போதுதான் கயிறுகளின் ஞாபகம் வந்தது அவருக்கு. துணி நனைந்து சுருங்கியிருக்கும், இந்நேரம் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். பதறி எழுந்தால் பக்கத்தில் சுனோக்கைக் காணோம். வாசல் துணியை விலக்கிப் பார்த்தார். தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தக் கொட்டுகிற பனியில் குனிந்து, ஒவ்வொரு கயிறாகத் தளர்த்திக்கொண்டு வந்தாள் அவள். விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விட்டு, அடுத்ததற்குப் போனாள். அவர் செய்வது போலவேதான்.

"என்ன பாக்குறீங்க? வருஷம் பூரா அதையே சொல்லிட்டிருந்தா செவிட்டுக் காதுலகூட ஏறும்."

போன்சிக் உள்ளே போய், சின்ன அடுப்பைப் பற்றவைத்து, புதுக் கிம்ச்சியோடு தின்ன மியங்ஜா கொண்டுவந்திருந்த பன்றிக்கறியை வேகவைக்கப் போட்டார். கறி வெந்ததும் சுனோக் புதுக் கிம்ச்சி இலையில் ஒரு துண்டை வைத்துச் சுருட்டி, நிமிர்ந்து பார்க்காமல், அவர் வாயில் திணித்தாள். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆகா, அதுவல்லவா கிம்ச்சி! கண்ணில் தண்ணீர் வழிய அவர் சிரித்தார். பக்கத்துக் கூடாரங்களில் படுக்கையைப் பிழிந்துகொண்டிருந்தவர்கள் வாசனை பிடித்து எட்டிப் பார்த்தபோது, "வாங்க வாங்க, இங்க நனையாது!" என்று வீட்டுக்காரிபோல் கூப்பிட்டவள் சுனோக்.

"அடுத்த வருஷமும் இங்கதாண்டி," என்றாள் மியங்ஜா, கடைசிக் கோஸை மடித்து வைத்தபடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் ஈரக் கூடாரம் கதவிலும் சோபாவிலும் நாற்காலியிலுமாகக் கூடம் முழுக்கத் தொங்கியது. போன்சிக் தையலை மூக்கில் வைத்துப் பார்த்தார். பூண்டு வாசனை. தோக்சு கையில் கொடுக்குமுன் அது போகுமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சுனோக் அளவு நாடாவை எடுத்துவிட்டாள்.

நாடாவோடு அவள் பின்பால்கனிக் கதவுவரை போனாள். ஒரு கணம் நின்றாள். திரும்பி வந்து, சைக்கிள் நிற்கிற கூடத்துச் சுவரில் வைத்து அகலம் பார்த்தாள், உயரம் பார்த்தாள். நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சைக்கிளில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக உருவி அவர் மடியில் எறிந்தாள். பிறகு முன்னாள் ஆசையின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தரை கிறீச்சிட, அதை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.