அம்மாவைப் பற்றிக் கேட்ட மெஷின்

இன்றைக்கு எல்லாரும் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லும் விஷயத்தைப் பற்றி ஒருவர் மேடையில் பேசி நான் முதன்முதலில் கேட்டது யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையில், எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில். எழுபதுகளின் பிற்பகுதி அது. பேசியவள் என் சிநேகிதி. அந்த மேடையில் நிற்க வேண்டியவள் நான் என்று பேச்சு முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஒழுங்கையில் பிறந்தவர்கள். என் அப்பா கடலுக்குப் போகிறவர். அவளுடைய அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். கொழும்பில் ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனத்தில் கொம்பியூட்டர் பகுதி தொடங்கியபோது, அட்டை துளைக்கும் வேலைக்கு இருவரும் ஒன்றாகவே சேர்ந்தோம். சம்பளக் கணக்கையும் களஞ்சியக் கணக்கையும் தட்டச்சு மெஷின் மாதிரி ஒன்றில் அடிப்போம். அட்டையில் ஓட்டை ஓட்டையாக விழும். அந்த அட்டைகளைத்தான் கொம்பியூட்டர் வாசிக்கும். பிறகு பரீட்சை எழுதி இருவருமே புரோகிராம் எழுதுகிறவர்களாக உயர்ந்தோம். தீவுப் பகுதியிலிருந்து அந்த வேலைக்குப் போன பெண்கள் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் என்று ஊரில் சொல்லுவார்கள். பெருமைதான். ஆனால் அதை அவளோடு பங்குபோட வேண்டியிருந்தது.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. தேநீர் குடித்துக்கொண்டே தாளில் எழுதிக் கொடுப்பாள். முதல் ஓட்டத்திலேயே புரோகிராம் வேலை செய்யும். என்னுடையது இரண்டு மூன்று முறை திருத்திய பிறகுதான் ஓடும். ஓடத் தொடங்கினால் என்னுடையது பிறகு நிற்காது என்பதை நான் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கிலாந்தில் ஒன்பது மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்று அறிந்தபோது இருவரும் விண்ணப்பித்தோம். அவளைத் தெரிவு செய்தார்கள். நான் என் சூட்கேசை அவளுக்குக் கொடுத்தேன். விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. கூட வந்தவர்கள் என்னை மனத்திடமுள்ளவள் என்றார்கள். எனக்கு மனத்திடம் எல்லாம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

திரும்பி வந்தவள் எனக்கு ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் கொண்டுவந்து தந்தாள். புரோகிராம் எழுதுவதற்கு முதல் வரைகிற படத்தின் பெட்டிகளும் சாய்சதுரங்களும் அதில் வெட்டப்பட்டிருந்தன. பென்சிலை உள்ளே விட்டு இழுத்தால் கோணாமல் வரும். வேலை செய்யும் கந்தோரில் எல்லாரும் அதை இரவல் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம், "லண்டனிலை இருந்து வந்ததே?" என்பார்கள். நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கையாலேயே வரைந்தேன்.

அந்த வருடக் கோயில் பெருநாளுக்கு இருவரும் ஒன்றாக ஊருக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலம் கடந்ததும், மண்டைதீவுச் சந்தியில் ஏறிய ஒருவர் அவளை அடையாளம் கண்டுவிட்டார். "லண்டனுக்குப் போய்வந்த பிள்ளையெல்லோ" என்று எழும்பி இடம் கொடுத்தார். ஊர்காவற்றுறைவரை அவள் இருந்து வந்தாள். நான் அவளுடைய பையையும் பிடித்துக்கொண்டு நின்று வந்தேன்.

பங்குச் சுவாமி அவளைப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தார். மாலைப் பூசை முடிந்ததும் மண்டபம் நிறைந்துவிட்டது. அவளுடைய அம்மா முன் வாங்கில் இருந்தார். அவள் நன்றாகப் பேசினாள். யோசிக்கிற மெஷின்களைச் செய்கிறார்கள் என்றாள். வருத்தக்காரரிடம் கேள்வி கேட்டு நோய் இன்னதென்று சொல்லும் மெஷின் வரும், புரோகிராமைக்கூட மெஷினே எழுதும், கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்குமார் தேவைப்படாத காலம் வரும் என்றாள். பிறகு, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தான் கண்டதைச் சொன்னாள்.

"ஒரு தட்டச்சு மிசினுக்கு முன்னாலை என்னை இருத்தினவை. நான் அடிக்க அடிக்க, கொம்பியூட்டர் பதில் அடிச்சுது. எனக்கு அம்மாவின்ரை நினைவாய்க் கிடக்கு எண்டு அடிச்சன். உம்முடைய அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லும் எண்டு அது கேட்டது."

மண்டபத்தில் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அவளுடைய அம்மாவைப் பக்கத்தில் இருந்தவர்கள் தொட்டுத் தடவினார்கள்.

பின் வரிசையிலிருந்து ஒரு மீனவர் எழுந்தார். என் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர். "பிள்ளை, என்ரை மகள் ரைப்பிங் படிக்கிறாள். பட்டணத்துக்குப் பஸ்ஸிலை போய் வாறாள். உந்த மிசின் வந்தா அந்தப் படிப்பு உதவாதோ?" என்று கேட்டார்.

"இன்னும் பத்து வருசத்திலை ரைப்பிங் வேலை எண்டு ஒண்டு இருக்காது, ஐயா," என்றாள் அவள். தயவாகத்தான் சொன்னாள்.

நான் எழும்பிவிட்டேன். எழும்ப வேண்டும் என்று நினைத்ததாகவே ஞாபகமில்லை.

"அந்த மிசினுக்கு ஒண்டும் விளங்காது," என்றேன். "அம்மா எண்ட சொல்லு வந்தா இந்த வசனத்தை அடி எண்டு ஒராள் முதலே எழுதி வைச்சிருக்கிறார். அப்பா எண்டு அடிச்சாலும் அப்பிடித்தான் கேக்கும். பூனை எண்டு அடிச்சா, ஏன் அப்பிடிச் சொல்லுறீர் எண்டு கேக்கும். நானே எழுதுவன். மகள் படிக்கட்டும், ஐயா."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அப்படியான புரோகிராம் ஒன்றைப் பற்றிக் கந்தோருக்கு வருகிற சஞ்சிகையில் வாசித்திருந்தேன். ஆனால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. பிறகு அந்த மீனவர், கோபமே இல்லாமல், "பிள்ளை, நீர் போகேல்லை எண்ட எரிச்சலிலை கதைக்கிறீர்," என்றார்.

சிலர் சிரித்தார்கள். சுவாமி பாட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினியில் மீன் சொதியைச் சூடாக்கிக்கொண்டே பேசினார். "நீ சொன்னது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. உன்ரை முகம் சரியில்லை."

அடுத்த வாரமே அந்த மீனவர் மகளின் தட்டச்சு வகுப்பை நிறுத்திவிட்டார்.

விடுமுறை முடிந்து கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், சிநேகிதி என்னைத் தேடி வந்தாள். இருவரும் துறைமுகப் பக்கமாக நடந்தோம். காரைநகருக்குப் போகிற படகுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னோடு சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்து, பதில்களையும் யோசித்து வைத்திருந்தேன்.

"எனக்கும் அது தந்திரமெண்டு தெரியும்," என்றாள். "அங்கை சொல்லித்தான் இருத்தினவை."

"பிறகேன் மண்டபத்திலை சொல்லேல்லை?"

"தெரிஞ்சுகொண்டும் அரை மணித்தியாலம் அதுக்கு முன்னாலை இருந்தனான். அந்த ஒன்பது மாசமும் வேறை ஒருத்தரும் என்னட்டை அம்மாவைப் பற்றிக் கேக்கேல்லை. அதை எப்பிடி அம்மா முன்னாலை சொல்லுறது?"

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. அந்த அந்நிய நாட்டில் தனியாக இருந்து, தந்திரம் என்று தெரிந்தும் எழும்ப மனமில்லாமல் இருக்கிற அளவுக்கு ஒரு அனுபவம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது சஞ்சிகையில் இரண்டு பக்கம்.

"கிளாக்குமார் வேலை போகுமெண்டதும் தந்திரமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அதை நான் நம்புறன்," என்றாள்.

கொழும்புக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்த மீனவரின் மகளுக்கு எங்கள் அட்டை துளைக்கும் அறையில் ஓர் இடம் கேட்டதுதான். அந்தப் பிள்ளையில் எனக்கு அக்கறை இருந்தது உண்மை. ஆனால் சிநேகிதியின் பேச்சைக் கேட்டு நின்றுபோன படிப்பு, அவள் கண் முன்னாலேயே சம்பளம் வாங்குவதை அவள் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. பிள்ளை வந்தாள். விரல் வேகத்தில் அந்த அறையில் இருந்த எல்லாரையும் தாண்டினாள். சிநேகிதியோ அவளைக் கண்டதும், "எங்கடை ஊர்ப்பிள்ளை" என்று மனதாரச் சந்தோஷப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் தன்னோடு இருத்திக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் அவளுடைய ஆளாகிவிட்டாள்.

எண்பதுகள் தொடங்கியபோது சிநேகிதிக்கு இங்கிலாந்திலேயே வேலை கிடைத்தது. அவளுடைய பதவி எனக்கு வந்தது. பல வருடமாக நான் கண் வைத்திருந்த கதிரை. அதில் இருந்த முதல் மாதத்திலேயே திரை வைத்த புது மெஷின்கள் வந்து இறங்கின. அட்டை தேவையில்லை, ஓட்டை தேவையில்லை; அடிப்பது நேரே கொம்பியூட்டருக்குள் போகும். ஊர்ப்பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, அவ அண்டைக்கு மண்டபத்திலை சொன்ன யோசிக்கிற மிசின் இதுவோ?" என்று கேட்டாள்.

"இல்லை. ரைப்ரைட்டருக்கு மேலை ஒரு ரெலிவிஷன் வைச்சிருக்கினம். அவ்வளவுதான்."

ஆனால் அந்த அவ்வளவுதான் போதுமாக இருந்தது. மெஷினை விற்றவர்கள் கொடுத்த பளபளப்பான புத்தகத்தில், இனிமேல் புரோகிராமையும் மெஷினே எழுதிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. மேலதிகாரி அதை விரித்து வைத்துக்கொண்டு, எத்தனை பேரைக் குறைக்கலாம் என்று என்னைக் கேட்டார். ஒருவரையும் குறைக்க ஏலாது என்றேன். அது எழுதுவது வெறும் எலும்புக்கூடு. அதற்குச் சதை வைக்கவும் பிழை பிடிக்கவும் இன்னும் ஆள் வேண்டும் என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "உங்கள் சிநேகிதி இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்," என்றார்.

இந்தக் கேள்வி வருவதற்கு முதலே அவள் போய்விட்டாள். அதற்கும் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

நான் சொன்னபடிதான் நடந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் குறையவில்லை, கூடினார்கள். கிளாக்குமாரும் இருந்தார்கள். முன்பு கேளாத கணக்குகளையெல்லாம் மேலிடம் இப்போது கேட்கத் தொடங்கியதால் அவர்களுக்கும் வேலை கூடியது. அட்டை துளைத்த பெண்களில் ஊர்ப்பிள்ளையும் இன்னும் சிலரும் திரைக்கு மாறினார்கள். மற்றவர்கள் களஞ்சியப் பகுதிக்குப் போனார்கள். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சரியாகச் சொன்னவள் நான்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த அறைக்குப் புதிதாக ஒரு பிள்ளையையும் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நுழைந்த அந்த வாசலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டார்கள். மெஷின் யோசித்து யாருடைய வேலையையும் பறித்ததாக நான் என் அனுபவத்தில் கண்டதில்லை. புத்தகத்தைப் பார்த்து யோசித்த மனிதர்கள், ஆள் எடுப்பதை நிறுத்தினதைக் கண்டிருக்கிறேன். போனவரைப் பற்றி ஊர் கதைக்கும். வராமல் போனவரைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது, கோயில் வளவில் ஒரு தாய் என்னை மறித்தார். மகள் ஏ.எல். சோதனை பாஸ் பண்ணியிருக்கிறாளாம். எங்கள் கந்தோரில் ஒரு இடம் பார்த்துத் தரச் சொன்னார். இப்போது எடுக்கிறார்களில்லை, நான் கேட்டும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அது உண்மை. இரண்டு முறை கேட்டிருந்தேன்.

"லண்டனுக்குப் போன பிள்ளை நிண்டிருந்தா, ஏதோ ஒரு வழி செய்திருப்பா," என்றார்.

"ஓம், அக்கா," என்றேன். பூசைக்கு மணி அடித்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.