அணைக்கட்டுக்கு அப்பால் பத்து நாட்கள்

ஆம்பூர். மே மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, காலை ஆறு மணி.

வாணியம்பாடியிலிருந்து வரும் மோட்டார் பஸ் கடைத்தெருவில் வந்து நின்றது. பள்ளிகொண்டாவுக்குப் பதினெட்டு மைல், கட்டணம் ஆறணா. என் தகரப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, அப்பா உள்ளே வந்து என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலையை விட்டுவிட்டு அரைமணி நேரம் கேட்டு வந்திருந்தார். வேட்டியும் கையும் அந்த வேலையின் வாடையோடுதான் இருந்தன.

"பத்திரமா எறக்கி உடுப்பா, பள்ளிகொண்டாவுல ஆள் வருவாங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா நாத்தம்ப்பா, காலங்காத்தால!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டார். பஸ் நகர்ந்ததும் நான் அந்தப் பெரியவரைப் பார்த்துச் சொன்னேன்: "எங்கப்பா நாத்தந்தாங்க அது. உங்க கால்ல கெடக்கிற செருப்பும் அதுலருந்துதான் வந்துச்சு."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "வாய் ஜாஸ்திம்மா உனக்கு" என்றார்.

எனக்கு அப்போது இருபது வயது. பெயர் கிருபை. சென்னையில் பெண்களுக்கான வேதாகமக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடம் முடித்திருந்தேன். இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஏப்ரல் பாதியில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். வந்த மறுநாளே அம்மாவோடு ஷாப்புக்குப் போய், தோல் ஊறவைக்கும் ஆவாரம் பட்டை இடிக்கத் தொடங்கிவிட்டேன். காலையில் பட்டை, மத்தியானம் காய்ந்த தோல்களைப் புரட்டிப்போடுவது, சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும். இடிக்கும்போது தூள் பறந்து மூக்கு முழுக்க ஏறும். கல்லூரியில் எபிரேயர் நிருபத்தை மனப்பாடம் செய்த என் நாக்கில் பகலெல்லாம் பட்டையின் துவர்ப்பு இருந்தது. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மாணவிகள் ஒவ்வொருவரும் கோடையில் பத்து நாள் ஒரு கிராமத்துச் சபையில் பிள்ளைகளுக்கு வேதப்பாட வகுப்பு நடத்த வேண்டும் என்பது கல்லூரியின் விதி. எனக்கு விழுந்தது அணைக்கட்டு என்ற ஊருக்கு அப்பால் நான்கு மைலில் உள்ள ஒரு சிற்றூர். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள்.

அன்று காலை எட்டு மணி. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் இடப்புறம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. வலப்புறம் ஜவ்வாது மலை புழுதியில் மங்கித் தெரிந்தது. பள்ளிகொண்டாவில், போதகருக்குக் கீழே அந்தச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மாட்டுவண்டியோடு காத்திருந்தார். அவர் பெயர் யோபு. மெலிந்த, சாதுவான மனிதர். மணிலாக் கடலைக் கொடி பிடுங்கிய காடுகளுக்கு நடுவே வண்டி போயிற்று. அணைக்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சமாச்சாரம்மா. செல்லம்மா அம்மா வீட்ல உன்னத் தங்கவைக்கச் சொல்லியிருக்கேன். நெலம் நீச்சு உள்ளவங்க. நம்ம சபைக் கோயிலுக்கு ஓடு போட்டதே அவங்கதான். உங்கப்பா வேலையப் பத்திக் கேட்டா, ஆம்பூர்ல வியாபாரம்னு சொல்லிக்கலாம். சரியா?"

"ஏன் ஐயா?"

"பத்து நாள்தானம்மா. பேஜார் எதுக்கு?"

பஸ்ஸில் அப்படிப் பேசிய நான் இதற்கு வாயைத் திறக்கவில்லை. வெயிலும் களைப்பும் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்: ஒரு ஓட்டு வீட்டில், விருந்தாளியாக, முதல் முறையாகத் தங்கப்போகிறேன் என்ற ஆசை எனக்கு இருந்தது.

செல்லம்மாள் ஐம்பது வயது விதவை. வாசலிலேயே என் கையைப் பிடித்து, "வாம்மா, கர்த்தரோட வேலைக்கு வந்த பொண்ணு" என்று உள்ளே அழைத்துப்போனார். பித்தளைத் தட்டில் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டார். "அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டார். வாசலில் நின்ற உபதேசியார், "ஆம்பூர்ல வியாபாரம்மா" என்று முந்திக்கொண்டார். நான் சோற்றைப் பிசைந்தேன்.

வகுப்பு மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. கோயிலின் முன்பாதியில் ஒரு பெரிய கோரைப்பாய் விரித்திருக்கும். ஊர்த்தெருப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்தார்கள். சேரிப் பிள்ளைகள் கதவருகே வெறும் தரையில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். யாரும் எங்கே உட்கார் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது.

சேரிப் பிள்ளைகளைக் கூட்டிவருபவள் மார்த்தாள், நாற்று நடும் கூலிக்காரி. மார்த்தாக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு வசனத்தை இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை அவள் சொல்லிவிடுவாள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என் விரல்களைக் குனிந்து பார்த்தாள். நகக்கண்ணில் பட்டைக் கறை போகாமல் இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் தம்பி ஆம்பூரில் ஷாப்பு வேலை பார்ப்பவன் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அவள் கண்ணைப் பார்க்காமலே பாடம் நடத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. செல்லம்மாள் என்னைப் பலகையில் உட்காரவைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். என்மேல் அவருக்கு உண்மையான பிரியம் வந்திருந்தது. மார்த்தாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளைப் பாயில் உட்காரவைத்தால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்றேன்.

"அதுங்களும் கர்த்தரோட புள்ளைங்கதான், நான் இல்லன்னு சொல்லல" என்றார் செல்லம்மாள். "ஆனா செத்த மாட்டுத்தோலத் தொட்ட கை. அவ தம்பி அந்த வேலதான் பாக்குறான். எப்படிம்மா பக்கத்துல உக்கார்றது?"

"அம்மா," என்றேன், "எங்கப்பாவும் அந்த வேலதான். நாலு நாளைக்கு முன்னாடி நானும் தோல் பெரட்டிப் போட்டேன். இந்தக் கைதான்."

சீப்பு என் தலையிலேயே நின்றுவிட்டது. பிறகு அவர் கை மெல்ல விலகியது. கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழுவினார். பாதி சீவிய தலையை நானே முடிந்துகொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வந்தது. செல்லம்மாள் கழுவியதற்காக அல்ல, மூன்று நாள் அந்தத் தட்டில் சாப்பிட்டதற்காக.

மார்த்தாள் வீட்டுக்குப் போனேன். ஊர்த்தெருவிலிருந்து இருநூறு அடி தூரம் இருக்கலாம்.

"அக்கா, நான் இன்னாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"தெரியும்மா," என்றாள் அவள். "எப்ப சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். உள்ள வா, கூழு இருக்குது."

திங்கட்கிழமை முதல் ஊர்த்தெருப் பிள்ளைகள் வரவில்லை. பாய் காலியாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அதன்மேல் சேரிப் பிள்ளைகளை உட்காரவைத்தேன். முதலில் பயந்தார்கள், சாயங்காலத்துக்குள் அதில் குட்டிக்கரணம் போட்டார்கள். உபதேசியார் இரண்டு முறை வந்து, "வேணாம்மா, சபை ஒடைஞ்சிடும்" என்று கெஞ்சினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பாயைச் சுருட்ட மறுத்துவிட்டேன்.

கடைசி ஞாயிறு, காலை ஒன்பது மணி. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துக்காக வேலூரிலிருந்து போதகர் வந்திருந்தார். நானும் மார்த்தாளும் போய்ப் பாயில் உட்கார்ந்தோம். பாயில் இருந்த ஊர்த்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். செல்லம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

போதகர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார். எப்போதும் ஊர்த்தெருவுக்கு முதலில், கதவருகே இருப்பவர்களுக்குக் கடைசியில். அன்று பாயில் அவருக்கு நேர் எதிரே இருந்தது மார்த்தாள். அவளுக்குக் கொடுத்தார். அவள் குடித்த பிறகு எனக்கு. செல்லம்மாளிடம் நீட்டியபோது அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். ஆனாலும் எழுந்து போகவில்லை. அவர் ஏன் அங்கே இருந்தார், ஏன் குடிக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார். "நீ செஞ்சது பாவம்னு சொல்லலம்மா. ஆனா பத்து நாள் முடிஞ்சு நீ போய்டுவே, சபைய நான் கட்டிக் காக்கணும். ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடு. கல்லூரிக்கு நற்சான்று தர்றேன்."

"எதுக்கு மன்னிப்பு ஐயா? பாயில உக்காந்ததுக்கா?"

"சபையக் கலைச்சதுக்கு."

"வாய மூடிக்கிட்டு இருந்த மூணு நாளுக்குத்தான் நான் மன்னிப்பு கேக்கணும். அத மார்த்தாக்கா கிட்ட கேட்டுட்டேன். வேற எதுக்கும் எழுத மாட்டேன்."

நற்சான்று இல்லாமல் ஆம்பூருக்குத் திரும்பினேன். அது இல்லாமல் மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மாவுக்கும் தெரியும். அப்பாதான் சொன்னார்: "ஷாப்புல வேல எப்பவும் இருக்குது. ஆனா படிப்ப நீயா நிறுத்திடாத. போய் நில்லு. வேணாம்னா அவங்க வாயால சொல்லட்டும்."

ஜூன் கடைசி வாரம் ஆம்பூரில் ரயில் ஏறினேன். சென்னைக்கு நூற்றுப் பத்து மைலுக்குச் சற்று மேல். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தேன். கல்லூரித் தலைவி அம்மையார் மேசைக்குப் பின்னால் இருந்தார். நற்சான்றுக் கடிதம் எங்கே என்றார். இல்லை என்றேன், நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன், அந்த மூன்று நாளையும் சேர்த்து. போதகரிடமிருந்து அவருக்கு முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது என்பது அவர் அதை மேசையில் எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது.

"இப்போதாவது மன்னிப்பு எழுதித் தருகிறாயா?" என்றார்.

"மாட்டேன் அம்மா. ஊருக்கு நாளைக்குக் காலையிலயும் ரயில் இருக்குது."

அவர் அந்தக் கடிதத்தை மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு ஒரு பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். "ஆறு மாதத்துக்கு உனக்கு வெளியூர்ச் சபைகளில் ஊழியம் கிடையாது. காலை ஏழு மணிக்கு வகுப்பு. போ."

ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஊர்த்தெருக்காரர்கள் மறுபடி பாய்க்கு வந்திருப்பார்கள். கதவருகே பிள்ளைகள் மறுபடி தரையில் இருப்பார்கள். ஆம்பூரில் எங்கள் தெருக் கோயிலில் பாயே கிடையாது. எல்லோரும் ஒரே மண்தரையில், ஒரே வாடையில் உட்கார்ந்துதான் ஜெபித்தோம். வளரும்போது அதை ஏழ்மை என்று நினைத்திருந்தேன்.

படிப்பு முடியும் மாதத்தில், எந்தச் சபைக்குப் போக விருப்பம் என்று எழுதச் சொல்லி எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று ஊர்களின் பெயர் எழுத இடம் விட்டிருந்தார்கள். நான் மூன்றிலும் மார்த்தாக்காவின் ஊர்ப் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.