சாய்க்கக் கூடாத மருந்து

எதிரில் இருப்பவரின் சட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் பலவேசம் பேச்சையே தொடங்குவார். நைலான் கலந்திருந்தால் தள்ளி நிற்பார். "பொறி பறக்கும். அங்கனயே நின்னு சொல்லுங்க." நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர் அவர். அவர் வாயில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை.

சந்தேகம்தான் அவரை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது. அதனால் அதை வேலையோடு விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் இலையைத் திருப்பிப் பார்ப்பார். பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் குனிவார். "பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டுக் கொல்லைய ஒரு சுத்து சுத்திட்டுத்தான் உக்காந்தாக" என்று சிரிப்பாள் மனைவி பாண்டிமீனா.

செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் அவர் நடந்து வந்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது. இடது கால் மரத்துப்போயிருந்தது. முதுகுத்தண்டில் நரம்பு எங்கே நசுங்குகிறது என்று பார்த்தால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர். காந்தத்தை வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவருக்கு ஆகாது. பழைய விபத்தில் தெறித்த இரும்புத் துணுக்கு ஒன்று அவர் கண்ணோரம் இன்னும் புதைந்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டு எக்ஸ்ரே எடுப்பதென்று முடிவாயிற்று.

எக்ஸ்ரே எடுக்கும் சாபிர், பாவம், எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். "முதுகுல மருந்து ஏத்திட்டு, டேபிளோட உங்களச் சாய்ப்போம் அண்ணாச்சி. மருந்து ஓடுற வழியப் படம் பிடிக்கணும்ல."

பலவேசம் எழுந்து நின்றுவிட்டார். "மருந்து ஏத்துன சரக்க எவனாச்சும் சாய்ப்பானா?"

"வெடிக்கவா போகுது?" என்றாள் பாண்டிமீனா.

"அம்புட்டுக் கிறுக்கனா நான்? நல்லா இருக்க வலது காலும் போயிட்டா?"

பயம் அங்கேதான் இருந்தது. தண்டில் ஊசி குத்தினால் கால் விளங்காது என்று டீக்கடையில் யாரோ ஓதியிருந்தார்கள். கால் போனால் கம்பெனி வாசலை மிதிக்க முடியாது. ஆபத்தென்றால் எழுந்து ஓடத் தெரிந்தவனுக்குத்தான் மருந்து அறையில் வேலை.

"இது வெறும் சாயம் அண்ணாச்சி. படத்துல வெள்ளையாத் தெரியும், அவ்வளவுதான்."

"அப்பச் சாயம்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று முனகிக்கொண்டே மேசையில் ஏறிப் படுத்தார். சாய்த்தபோது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டார்.

சாயம் ஓடிவந்து, அடைப்பு இருக்கும் இடத்தில் நின்றுவிட்டதை டாக்டர் படத்தில் காட்டினார். "இனி ஆபரேஷன் பண்ணிரலாம்." பலவேசத்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வார்டுக்குக் கொண்டுவந்து தலையை உயர்த்திப் படுக்கவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் போனதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"வலது காலக் கிள்ளு."

கிள்ளினாள். முகத்தைச் சுளித்தார்.

"வலிக்குதுல்ல? பெறகென்ன?"

"நீ கிள்ளுறதப் பாத்துட்டேன். பாத்தா வலிக்கிற மாதிரித்தான் இருக்கும்." கண்களை இறுக மூடிக்கொண்டார். "சொல்லாமக் கிள்ளு."

பாண்டிமீனாவுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. நகம் பதியக் கிள்ளினாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினார் பலவேசம். அலறிவிட்டு, கண்ணைத் திறக்காமலே, அதே காலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.