பனமலைக்குப் போன வண்டி

டெங்குத் தடுப்பூசி வேலை செய்கிறதா என்பது விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்தால் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் காய்ச்சல் வரும்போதுதான் தெரியும். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு காய்ச்சலும் முக்கியம். முதல் சில நாட்களுக்குள் ரத்தம் எடுத்தால்தான் அதில் வைரஸ் அகப்படும்.

இதை வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், காய்ச்சல் கண்டவர்களிடம் ரத்தம் எடுப்பதும் என் வேலை. காய்ச்சல் என்றால் அன்றே போன் செய்யுங்கள். மெடிக்கலில் கலந்து கொடுக்கும் மாத்திரை வேண்டாம், டெங்குவாக இருந்தால் அதிலிருக்கும் வலி மாத்திரை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். நாங்கள் வரும்வரை காய்ச்சல் மாத்திரை, நிறையத் தண்ணீர்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை புடைக்கும் வேலை செய்யும் ஓர் அக்கா இதை அப்படியே கேட்டு நடந்தவர். ஒரு சனிக்கிழமை காலை உடம்பு அனலாகக் கொதித்ததும் முதல் வேலையாக என்னை அழைத்தார். வந்துவிடுகிறோம் என்றேன்.

வண்டி இல்லை. ரத்தத்தைக் கெடாமல் கொண்டுவரும் குளிர்பெட்டி பொருத்திய வண்டி எங்களிடம் ஒன்றுதான் உண்டு. அதில்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அந்த வாரம் சென்னையிலிருந்து மூன்று பேர் ஆய்வுக்கு வந்திருந்தார்கள். காய்ச்சல் கண்டவர்களிடம் நேரத்துக்கு ரத்தம் எடுக்கிறோமா என்று பார்க்கத்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமையே பார்த்து முடித்துத் திருப்தி என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மேலிடத்திலிருந்து வருகிறவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகாமல் அனுப்புவது எங்கள் மேலாளருக்கு மரியாதைக் குறைவு. வண்டி பனமலைக்குப் போயிருந்தது. ஓட்டுநரை அழைத்தேன். சார்ங்க இப்பதான் மலை ஏறிக்கினு இருக்காங்க, அப்புறம் ஏரிக்கரையில போட்டோ எடுக்கணும்னாங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டி அவர்களைச் சென்னையில் கொண்டுபோய் விட்டது. திண்டிவனம் வழியாகத்தான் போனது. நிற்கவில்லை. விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் காய்ச்சல்காரர் ரத்தத்தை எப்படி ஏற்றுவது என்று மேலாளர் என்னையே கேட்டார். பஸ்ஸில் போய் எடுத்து வருகிறேன் என்று இரண்டு நாளும் கேட்டேன். விதி என்றார். கோயிலுக்குப் போக வண்டிக்கு விதி இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காவைப் போனில் அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் உங்கள் கணக்குக் கெட்டுவிடுமே என்றார்.

திங்கள் காலை நான் யாரையும் கேட்கவில்லை. ஐஸ் வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

வாசலிலேயே அவர் கணவர் பிடித்துக்கொண்டார். "மெடிக்கல்ல ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டிருந்தா இந்நேரம் மண்டிக்குப் போயிருப்பா. உங்க பேச்ச கேட்டுக்கினு படுத்துக் கெடக்குறா."

அக்கா கையை நீட்டினார். நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார். "காய்ச்சல் வந்தா உடனே போன் பண்ணுங்கன்னீங்க, பண்ணேன். உடனே வர்றேன்னீங்க. ரெண்டு நாளா வாசலையே பாத்துக்கினு இருந்தேன் மேடம்."

அவர் பேசும்போது ஈறில் ரத்தம் தெரிந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. குளுக்கோஸ் ஏறியது. பிழைத்துக்கொண்டார். அதை அங்கிருந்த செவிலியர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும், எங்கள் கணக்கில் அல்ல.

ரத்தம் எடுக்க ஒரு நாளுக்கு மேல் தாமதமானால் காரணம் எழுதிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். மேலாளர் யோசிக்கவே இல்லை. பங்கேற்பாளர் தாமதமாகத் தெரிவித்தார் என்று போடச் சொன்னார். வழக்கமாகப் போடுவதுதான். அப்படி இன்னொரு முறை போனால் அந்த அக்காவை நம்பகமற்றவர் என்று ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கினால் ஊசியால் அவருக்கு என்ன வந்தாலும் எங்கள் மருத்துவர் பார்க்க மாட்டார். இதற்கு முன்னால் தாமதமாகத் தெரிவித்தவர்கள் என்று போனவர்களில் எத்தனை பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்களோ.

வண்டி பனமலையில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்குவமா? அந்தம்மாவா வந்து கேக்கப் போவுது?"

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து ஒருத்தர் போன் செய்தாராம். நீங்கதானே லேட்டா சொன்னீங்க என்று கேட்டாராம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமாம்னு சொல்லிட்டேன் மேடம். இல்லன்னா உங்களுக்கு எதுனா பேஜாரு ஆயிடும்னு."

கோபம் எனக்குச் சத்தமாக வராது, வரிசையாக வரும். மேலாளர்மீது வந்தது, ஏரிக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்ட மூவர்மீது வந்தது, பிறகு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியதாக நினைத்துச் சிரிக்கும் இந்த அக்காமீதும் வந்தது. காய்ச்சலும் அவருடையது, காத்திருப்பும் அவருடையது, கடைசியில் பழியும் அவருடையதாகிவிட்டது.

ஆராய்ச்சியில் சேர்ந்தபோது அவரிடம் கொடுத்திருந்த சம்மதத் தாளை எடுத்துவரச் சொன்னேன். சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார். பங்கேற்பவர்களின் உரிமையைப் பார்க்கும் குழுவின் எண் அதன் அடியில் இருக்கிறது. எங்கள் மேலாளருக்குக் கட்டுப்படாத குழு. அந்த எண்ணுக்கு யாரும் அழைத்து நான் கேள்விப்பட்டதில்லை. அதைக் காட்டி, கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்க என்றேன். நீங்களே பேசுங்க மேடம் என்று தாளை என்னிடம் தள்ளினார்.

"நான் பேசினா ஆபீஸ் சண்டைன்னு விட்டுடுவாங்கக்கா. நீங்க பேசினா விட முடியாது."

"உங்க வேலை?"

"அத நான் பாத்துக்குறேன்."

கணவரைப் பார்த்தார். பேசு, இன்னா பயம் என்றார் அவர். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார், கையைப் புடவையில் துடைத்தார், ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"ஐயா, திண்டிவனத்துலேர்ந்து பேசறேங்க. டெங்கு ஊசி போட்டுக்கினவ. நான் லேட்டா சொல்லலீங்க. காய்ச்சல் கண்ட அன்னிக்கி காலையிலயே சொல்லிட்டேன்."