மொன்வியேயிலை ஏறினவை பூச்சியம் பேர்

பேர்ளியைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் அவளின்ரை பச்சைக் கோப்பிலையிருந்துதான் தொடங்கோணும். மன்னாரிலையிருந்து வந்த நாள் தொடக்கம் விசாக் கடுதாசி, சம்பளத் துண்டு, கரண்ட் பில் எல்லாத்தையும் அதுக்குள்ளை அடுக்கிக் காவித் திரிவாள். கேக்க முதலே எடுத்துக் காட்டுவாள். பாரிசிலை எங்கட சனம் கூடுற லா சப்பலிலை என்ரை போட்டோக்கொப்பிக் கடை ஓடுறதே இவளை மாதிரி ஆக்களாலைதான்.

அப்பிடிப்பட்டவள் 2014இலை, பாரிசிலையிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்திலை, மொன்வியே எண்ட கிராமத்துக்குக் குடிபோனாள். இருநூற்றுப் பதினாலு சனம், ஒரு மாதா கோயில், ஒரு பஸ் தரிப்பு. உனக்கென்ன விசரோ எண்டு நான் நல்லாப் பேசினனான். புருஷன் றூபனுக்கு விமான நிலையத்திலை வேலை, கார் அவனோடை போயிடும். இவளுக்கு என்ரை கடைக்கு எதிர்ச் சாப்பாட்டுக்கடையிலை குசினி வேலை. விடிய ஆறு பத்து பஸ்ஸைப் பிடிச்சால்தான் ரயில், ரயிலைப் பிடிச்சால்தான் எங்களுக்கு இடியப்பம்.

அவளுக்கு அந்த ஊர் ஏன் பிடிச்சதெண்டால், அங்கை ஒருத்தரும் அவளிட்டைக் கார்ட் கேக்கிறேல்லை. பஸ்ஸுக்கு மாதக் கார்ட் ஒழுங்காய் எடுத்துத்தான் வைச்சிருந்தவள். ஆனால் அதை மெசினிலை வைக்கப் போனால் சாரதி பிலிப் கையாலை மெசினை மறைச்சு, உம்மைத் தெரியாதா, போய் இரும் எண்டிடுவாராம். இதைச் சொல்லேக்கை அவளின்ரை முகத்தைப் பாக்கோணும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாயும் இருந்தது.

2017இலை பஸ் ஓட்டுற பொறுப்பு மாவட்டத்திட்டையிருந்து றேஜியோனுக்குப் போச்சு. றேஜியோன் எண்டால் எங்கட ஊர் மாகாணம் மாதிரி. அதுவும் அதுக்கு முதல் வருசம்தான் பக்கத்து மாகாணத்தையும் சேர்த்து ஊதிப் பெருத்த மாகாணம். அடுத்த வருசம் தரிப்பிலை ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஜனவரி தொடக்கம் ஆறு பத்து பஸ் மொன்வியேயிலை நிக்காதாம். பேர்ளிக்குப் பஸ் இல்லையெண்டால் வேலை இல்லை, வேலை இல்லையெண்டால் அந்த வீட்டிலை இருக்கவும் ஏலாது.

ஊர் மேயர் மார்செல், மாடு வளர்க்கிற மனுசன், றேஜியோனுக்கு ஒரு கடிதம் போட்டார். வந்த பதிலைப் பேர்ளி என்னட்டைக் கொண்டுவந்தாள். கண்ணாடியைப் போட்டு வாசிச்சன். போன ஒரு வருசத்திலை, அந்தப் பஸ்ஸிலை, மொன்வியேயிலை ஏறினவை பூச்சியம் பேர் எண்டு கிடந்தது.

எனக்கு வந்த கோவத்துக்கு, அப்ப நாள்தோறும் ஏறினது பேயோ எண்டு கத்திப்போட்டன். கடைக்குள்ளை நிண்ட சனம் திரும்பிப் பாத்தது. பேர்ளி கத்தேல்லை. கடுதாசியையே பாத்துக்கொண்டு நிண்டவள், மெல்லமாய்ச் சொன்னாள்.

"பிழை எங்களிலைதான் அக்கா. நாங்கள் ஒரு நாளும் கார்ட் வைக்கேல்லை."

அதுதான் விசயம். செவ்வாய்க்கிழமைகளிலை ஆஸ்பத்திரிக்குப் போற மர்கரீத் எண்ட வயசான மனுசியையும், வேலைக்குப் போற மற்ற நாலு பேரையும் பிலிப் அப்பிடித்தான் ஏத்தினவர். அந்த மனுசன்ரை நல்ல மனசு ஒரு ஊரையே கணக்கிலையிருந்து அழிச்சுப்போட்டுது. றேஜியோனுக்கு ஆற்றை முகம் தெரியும்? மெசின் கீச்சிட்டால்தான் ஆள் இருக்கெண்டு தெரியும்.

சரி, எங்கட சனத்துக்குத் தெரியாத வேலையே? பச்சைக் கோப்பு திறந்துது. மாதக் கார்ட் எடுத்த துண்டுகள், முதலாளியின்ரை கடிதம், மர்கரீத்தின்ரை ஆஸ்பத்திரிக் கடுதாசி எல்லாம் மூண்டு மூண்டு பிரதி அடிச்சுக் குடுத்தன். திரும்ப எண்ணுங்கோ எண்டு கேட்டுப் பதிவுத் தபாலிலை அனுப்பினம். மார்செல் தன்ரை கடிதத்தைச் சாதாரண முத்திரையிலை போட்டவர் எண்டு கேள்விப்பட்டுப் பேர்ளி விழுந்து விழுந்து சிரிச்சாள். பாவம், தான் ஆரெண்டு ஒருத்தருக்கும் நிரூபிக்க வேண்டி வராத மனுசன்.

நவம்பர் முழுக்க எண்ணுறம் எண்டு பதில் வந்துது. பேர்ளி வீடு வீடாய்ப் போனாள். இருபது வருசமாய் பஸ் ஏறாத மார்செல், பால் கறந்த கையோடை ஏறி, டவுணிலை ஒரு கோப்பி குடிச்சிட்டுத் திரும்புவாராம். டவுணுக்குக் காரிலை போற சனமெல்லாம் காரை விட்டிட்டுப் பஸ்ஸுக்கு வந்துது. மாத முடிவிலை கணக்கு நானூற்றுப் பதினொண்டு. பஸ் தொடர்ந்து நிக்கும் எண்ட கடிதம் நத்தாருக்கு முதல் கிழமை வந்துது, அதுக்கும் நான்தான் கொப்பி அடிச்சன்.

ஜனவரியிலை ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் நாள் அவளின்ரை வீட்டிலை தங்கின நானும் அவளோடைதான் பஸ்ஸுக்கு நிண்டன். ஆறு பத்துக்கு வந்து நிண்டுது. பேர்ளி கார்ட்டை எடுக்க, பிலிப் பழக்க தோசத்திலை மெசினைக் கையாலை மறைச்சார்.

பேர்ளி அந்தக் கையைப் பிடிச்சு ஒரு பக்கம் விலத்தினாள்.

"உமக்கு என்னைத் தெரியும் பிலிப். அவைக்கும் தெரியோணும்."

மெசின் கீச்சிட்டுது. பின்னாலை மர்கரீத் தன்ரை கார்ட்டைத் தேடிக் கைப்பையைத் திறந்தா.