ஏசியில் ஏறிய கலர்

அரியலூரில் எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று, சிமெண்ட் கம்பெனி ஆபீசில் ஏசி அறையில் உட்கார்ந்து மூட்டைக் கணக்குப் பார்ப்பது. இன்னொன்று, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இறங்கிச் சோதனைக்குக் கல் எடுப்பது. சம்பளம் பாதிதான். நான் படித்தது நிலவியல். ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த எங்கள் மண்ணை ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. மூட்டைக் கணக்குப் பார்த்தவளுக்கு அதற்கு யார் சீட்டுக் கொடுப்பார்கள்? சுரங்கத்துக்கே போனேன்.

வினை என்னவென்றால், நான் முடிவு செய்வதற்குள், செந்துறையில் எங்கள் தெரு முழுக்க ஏசி ஆபீஸ் என்று சொல்லி அம்மா கேசரி கொடுத்து முடித்திருந்தாள்.

"குடுத்த கேசரியத் திருப்பி வாங்க முடியுமாடி? நீ ஏசிலதான் இருக்க. வாயத் தொறக்காத!"

தினமும் சாயங்காலம் சுண்ணாம்புத் தூசியோடு பஸ்ஸை விட்டு இறங்குவேன். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் மறித்து, "என்னாடி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்றார்.

அம்மா அசரவே இல்லை. "ஏசிலயே இருக்கால்ல, கலர் ஏறிடுச்சுக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே தலையை உதறித் தூசியைக் காட்டியிருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து, திருச்சியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். அம்மாவும் துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். சுரங்க அனுபவத்தை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். நடுவில் டீ குடிக்கப் போன பேராசிரியர் முகம் மாறித் திரும்பினார்.

"வெளிய உங்கம்மாகிட்ட பேசினேன். நீங்க ஏசி ஆபீஸ்ல இருக்கீங்க, வெயில்லயே எறங்க மாட்டீங்கன்னு சொல்றாங்களே?"

போச்சு! இரண்டு வருடப் பழக்கம், அம்மாவின் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. என் கனவு மொத்தமும் அந்த மேசைமேல் கிடந்தது. அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"தெருவுல சொல்லிச் சொல்லி அதே வாயில வந்துடுச்சுங்க சார். இவ சொரங்கத்துலதாங்க கெடக்குறா. பேண்ட் பாக்கெட்டு பூரா கல்லு. எங்கூட்டு வாஷிங் மிஷினே போச்சுங்க. நத்தையாட்டம் சுருண்ட கல்லு ஒண்ணத் தூக்கிப் போட்டேன், அதுக்கு எங்கிட்ட பேசவே இல்லைங்க."

பழைய கடல் உயிரின் புதைபடிவம் என்று புரிந்ததும் பேராசிரியர் பதறி எழுந்தார். "எங்கேம்மா போட்டீங்க?"

"முருங்கமரத்தடியிலங்க."

சீட்டுக் கிடைத்தது. அம்மா மறுபடியும் கேசரி கிண்டித் தெருவில் இறங்கினாள்.

"ஏசி வேலைய விட்டுட்டா படிக்கப் போறா?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

அம்மா தட்டை நீட்டியபடி சொன்னாள்: "ஏசியாவது ஒண்ணாவது! எம்பொண்ணு வெயில்ல கல்லு பொறுக்குனா அக்கா. அதுக்குத்தான் சீட்டு."