போட்டவன்தான் எடுக்கணும்

'டங்!'

இரும்புச் சக்கரத்தில் மரக்கட்டை முட்டுகிற சத்தம்.

ரோடு ரோலர் நின்றது.

ஒரு நொடி முன்னால்தான் இன்ஜின் அணைந்திருந்தது. அத்தனை டன் இரும்பும் சரிவில் பின்னோக்கி உருளத் தொடங்கியிருந்தது. சீட்டில் இருந்தவன் நான். பிரேக்கை மிதித்தேன். பிடிக்கவில்லை. முடிந்தது கதை என்று கண்ணை மூடியபோது, யாரோ பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுவிட்டார்கள். நான் சட்டென்று கியரைத் தட்டி வண்டியை நிலைக்குக் கொண்டுவந்தேன்.

யாரோ... அதுதான் விஷயமே.

பேய் என்றால் நடுராத்திரியும் புளியமரமும் வேண்டும் என்பார்கள். இதில் இரண்டும் கிடையாது. வைகாசி மாதத்து உச்சி வெயிலில், வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் நடந்தது. எனக்கே நடந்தது. கூட இருந்தவர்கள் இன்றும் மதுரையில்தான் இருக்கிறார்கள். இதில் ஒரு வரி கூடுதலாகச் சொன்னாலும் வந்து என் சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

என் பெயர் செல்வக்குமார். தல்லாகுளத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையில் ஸ்பானர். பழைய ரோடு ரோலர், செயினில் ஓடும் புல்டோசர், கிரேன், கலவை மிஷின் என்று, ரோடும் பாலமும் போட்டு ஓய்ந்து துருப்பிடித்துக் கிடக்கிற வண்டிகளைத் தேடிப் பிடித்து ஓர் இடத்தில் வரிசையாக நிறுத்துவது எங்கள் கூட்டத்தின் வேலை. சம்பளம் கிடையாது. அதற்காக வீட்டில் மரியாதையும் கிடையாது.

கூட்டத்துக்கு மூளை சிஹாபுதீன். காஜிமார் தெருப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மனைவியின் தம்பி முகமது ஆசிப் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். எங்களோடு வந்து வண்டிகளைப் படம் எடுப்பான். வண்டிகளை நிறுத்த இடம் கொடுத்தவர் வெள்ளைத்துரை. வாடிப்பட்டியை ஒட்டி அவருக்குத் தோட்டம்; அதில் பெரிய தகர ஷெட். "நெல்லுக்குத்தான் தண்ணி வேணும். இரும்புக்கு எதுக்கு? நிப்பாட்டிக்கங்க மாப்ள" என்று சொல்லிவிட்டார்.

அன்று எங்களுக்குக் கெடு. ஒரு காண்ட்ராக்டரின் பழைய யார்டு கைமாறியிருந்தது. சாயங்காலத்துக்குள் எடுக்காத வண்டிகளை கேஸ் கட்டர் வைத்து அறுத்து, எடைக்குப் போட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ரோலரை ஒரு ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம். இன்னொரு ட்ரெய்லரில் கிரேன் வந்துகொண்டிருந்தது. அந்தக் கிரேனுக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

ஷெட்டுக்கு முன்னால் மண் கொட்டிச் சரிவு போட்டிருந்தோம். ட்ரெய்லர் அதன் உச்சியில் வந்து ஒட்டி நிற்கும். வண்டி ரிவர்ஸில் இறங்கி ஷெட்டுக்குள் போக வேண்டும். ரோலர் பாதிச் சரிவில் இருந்தபோதுதான் இன்ஜின் அணைந்தது. எங்களை இறக்கிவிட்ட ட்ரெய்லர் போய்விட்டது. அடுத்தது வருவதற்குள் சரிவு காலியாக வேண்டும்.

"டீசல்ல காத்து வாங்கிருச்சு" என்றார் சிஹாபுதீன். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தார். "யாருப்பா கட்டை போட்டது? கரெக்டா போட்டீக."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. வெள்ளைத்துரையாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஆசிப்பாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். ஆசிப் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

சிஹாபுதீனிடம் ஒரு சட்டம் உண்டு. கட்டையைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். அவன் சாப்பிடப் போயிருந்தால், அவன் வரும்வரை வண்டி நிற்க வேண்டும். ரோலர் ஓட்டிகளிடம் பழகி அவர் பிடித்துக்கொண்ட வழக்கம். அதுவரை நாங்கள் யாரும் அதை மீறியதில்லை.

டீசல் குழாயைக் கழற்றிக் காற்றை எடுத்து முடித்தார். "மோட்டார்ல தலைய நனைச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீக." வெள்ளைத்துரையும் அவரோடு போனார்.

"ஆசிப், நீ போகலையா?"

"என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது செல்வண்ணே. என்னையும் அந்த வரிசையில நிப்பாட்டிருங்க. துருப்பிடிச்ச போட்டோகிராபர்னு போர்டு எழுதி வச்சுருங்க."

சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அவன் துண்டை எடுத்துக்கொண்டு ஷெட் பக்கம் தள்ளாடிப் போனான்.

நான் ரோலரின் முன் உருளையில் சாய்ந்தேன். முதுகு சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. ஜில்லென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். உருளை முழுக்க ஈரம். யாரோ ஈரச் சாக்கால் துடைத்துவிட்ட மாதிரி. தார் ரோடு போடும்போது உருளையில் தார் ஒட்டாமல் இருக்க அப்படித் துடைப்பார்கள். இங்கே எதற்கு? வெள்ளைத்துரை வண்டியைக் கழுவப் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

போன் அடித்தது. கிரேன் ட்ரெய்லரின் ஓட்டுநர்.

"சார், டோல்கேட் தாண்டிட்டேன். வந்த ஒடனே எறக்கணும். எனக்கு மத்தியானத்துக்கு மேல வேற லோடு இருக்கு. எடம் இல்லைன்னா அப்பிடியே திருப்பிக் கொண்டுபோய் யார்டுலயே விட்டுருவேன்."

யார்டில் கேஸ் கட்டர் காத்திருக்கிறது.

மோட்டார் ரூமைப் பார்த்துக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

"யாரு கட்டை போட்டது? வந்து எடுங்கப்பா!"

யாரும் வரவில்லை.

நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். கியரில் நிற்கிறவரை வண்டி உருளாது. கட்டையை எடுத்துவிட்டு, மேலே ஏறி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, சட்டென்று ரிவர்ஸ் போட்டால் போதும். கண் மூடித் திறக்கிற நேரம்தான்.

இடது பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் குனிந்தேன். என் நெஞ்சு உயரத்துக்குச் சக்கரம். அடியில் கட்டை.

எங்கள் கட்டைகள் புதியவை. ஆசிப் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தான். இது மஞ்சள் இல்லை. கறுப்பு. விளிம்பில் இரும்புப் பட்டை. ஒரு பக்கம் கரிந்திருந்தது. ரோலரின் டூல் பெட்டியில் கிடந்ததாக இருக்கும்...

பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

சக்கரத்தின் பாரம் அழுத்தினால் கட்டை அசையவே அசையாது. இது அசைந்தது. என் பக்கம் கொஞ்சம் வந்தது. பிறகு அந்தப் பக்கம் போனது. கயிறு இழுக்கிற போட்டி மாதிரி.

காலைச் சக்கரத்தில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தேன். வந்துவிட்டது. உள்ளங்கை முழுக்கக் கரி. எரிந்த வாடை. வீசி எறிந்தேன்.

மேலே ஏறினேன். சீட்டில் உட்கார்ந்தேன்.

'டங்!'

வண்டி லேசாக அதிர்ந்தது.

எட்டிப் பார்த்தேன். கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

"ஆசிப்! விளையாட்டுக்கு நேரமாய்யா இது?"

சத்தமே இல்லை. கொக்கு, குருவி இல்லை. காற்றும் இல்லை.

இறங்கினேன். மண்ணில் ஈரக் கால் தடங்கள். வெறுங்கால். சக்கரத்தைச் சுற்றி, பின்பக்கமாகப் போயிருந்தன. அந்த வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? அவை காயவில்லை.

ஆனால் ரோட்டில் ட்ரெய்லரின் ஹாரன் கேட்டுவிட்டது. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். எனக்கு அதுவும் இல்லை.

இரண்டு கைகளாலும் கட்டையைப் பிடுங்கினேன். இந்த முறை எறியவில்லை. மேலே கொண்டுபோய் என் காலுக்கடியிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது எவன் எடுப்பான்?

தார் வாடை அடித்தது. சூடான, புதுத் தார்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

ரோலர் நகர்ந்தது. பின்னோக்கி.

சாவியைத் திருகினேன். இன்ஜின் முனகியது. பிடிக்கவில்லை.

மறுபடி திருகினேன்.

பிடிக்கவில்லை...

வேகம் கூடியது.

'டங்!'

நின்றது.

காலுக்கடியில் பார்த்தேன். கட்டை இல்லை. அது இருந்த இடத்தில் ஈரம். கறுப்பு ஈரம்.

கை தானாகப் போய் கியரைப் போட்டது. மெதுவாக வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

வலது சக்கரத்துக்குப் பின்னால்... ரோலரின் தகரக் கூரை விழுத்திய அந்தத் துளி நிழலில்...

ஆசிப் படுத்திருந்தான்.

முகத்தில் துண்டு. சக்கரத்துக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு சாண்.

இடது பக்கம் பார்த்தேன்.

கட்டை.

அதைப் பிடித்திருந்த விரல்கள்.

சக்கரங்களுக்கு நடுவில் இருந்து நீண்டிருந்தன. தார் படிந்த, நனைந்த விரல்கள்.

ஆசிப்பின் விரல்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுபடி வலது பக்கம் பார்த்தேன்.

ஆசிப்பின் இரண்டு கைகளும் அவன் மார்பின் மேல் இருந்தன.

நான் எப்படிக் கத்தினேன், எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. ஆசிப்பின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்: "என்னண்ணே, கிரேன் வந்துருச்சா?"

சிஹாபுதீன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். ஆசிப் படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். வீட்டில் இருக்கிற தம் மனைவியை நினைத்திருப்பார் போல, முகம் வெளுத்துவிட்டது.

"யாரு போட்டது?"

"நான் இல்ல மச்சான்" என்றான் ஆசிப்.

"நானும் போடலப்பா. மொதல்லயும் நான் போடல" என்றார் வெள்ளைத்துரை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிஹாபுதீன் என்னைத் திட்டவும் இல்லை. சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்து, யாரோ நிற்கிற இடத்தைப் பார்த்துப் பேசுவது போலத் தணிவாகச் சொன்னார்:

"ஆளை எழுப்பியாச்சுண்ணே. பின்னாடி யாரும் இல்ல. எடுத்துக்கறோம்."

கட்டையைத் தொட்டார். பஞ்சு மாதிரி கையோடு வந்தது. முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்தது. ரோலர் ஷெட்டுக்குள் போனது. கிரேனும் இறங்கியது.

ஒரு மாதம் கழித்து, ஷெட்டில் வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார். பெயர் முனீஸ்வரி என்றார். ஆசிப் வாட்ஸ்அப்பில் போட்ட ரோலர் படம் சுற்றிச் சுற்றி அவருக்குப் போயிருக்கிறது. கூரைத் தகரத்தில் எழுதியிருந்த நம்பரை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார்.

"எங்கப்பா வேல பாத்த வண்டிண்ணே இது. அழகுமலைன்னு பேரு. உருளையத் தொடைக்கிறது, கட்டை போடுறது, எல்லாம் அவுகதான். ரோடு வேல நடக்கயில, மத்தியானம் சாப்பிட்டுட்டு வண்டிக்குப் பின்னாடி நெழல்ல படுத்துருக்காக. ட்ரைவரு அவசரத்துல கட்டைய எத்தி விட்டுட்டு ஏறிருக்காரு. வண்டி உருண்டிருச்சு. முழிச்சுக் கட்டைய எட்டிப் பிடிச்சிருக்காக. சக்கரத்துக்குக் குடுக்கறதுக்குள்ள..."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சிஹாபுதீன் அலமாரியைத் திறந்தார். இரும்புப் பட்டை போட்ட அந்தக் கறுப்புக் கட்டையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார். "உங்க அப்பா வச்சிருந்ததும்மா. நீங்க கொண்டுபோங்க. உங்ககிட்ட இருக்கறதுதான் முறை."

முனீஸ்வரி கை நீட்டவில்லை. கட்டையையே பார்த்தார். கரிந்த பக்கத்தைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார்.

"இது எப்பிடிண்ணே இங்க இருக்கும்... அன்னைக்கு அவுக விரலைப் பிரிக்கவே முடியலைன்னு, கட்டையோட சேத்து வச்சுத்தான அப்பாவ எரிச்சோம்?"